கிராதிக்கு இந்தப் பக்கம்

நான் செய்த பாவங்களில் ஒன்றை மட்டும் நான்கு குருமாரிடம் நான்கு முறை பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். நால்வரும் மன்னித்தார்கள். கடைசியாகக் கேட்ட சாமியாருக்குக் கோபமே வந்துவிட்டது. மன்னித்த பாவத்தை மறுபடி மறுபடி தூக்கிக்கொண்டு வருவது சர்வேசுரனுடைய வார்த்தையை நம்பாததற்குச் சமம் என்றார். அவர் சொன்னது சரிதான். பாவம் போய்விட்டது. வெட்கம் போகவில்லை. வெட்கத்துக்கென்று தனியாக ஒரு சங்கீர்த்தனம் இல்லாததால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்ன வேதக்கார ஊருக்கு உபதேசியாராக இருந்தேன். மலைமேல் பெரியாற்றில் அணை கட்டும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் ஊருக்குச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் கோயிலில் செபம் சொல்வதும், ஞானோபதேசம் கற்பிப்பதும், சாகக்கிடக்கிறவர்களுக்கு உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. குருவானவர் வந்து சேர முடியாத இடத்தில் அந்த மந்திரத்தை மனம் உருகிச் சொல்லி உயிரை விட்டால் போதும், ஆத்துமம் கரையேறிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. சொல்லாமல் போனவர்களைப் பற்றி வீட்டார் ஆயுசு முழுக்க அழுதுகொண்டிருப்பார்கள்.

எனக்கு நல்ல குரல். நல்ல தமிழ். ஊரே அப்படிச் சொல்லும். ஊர் சொல்ல மறந்த நாளில் நானே சொல்லிக்கொள்வேன். அனுமந்தன்பட்டியில் திருநாள் என்றால் ஆராதனைப் பிரார்த்தனை வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்தப் பெருமையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது. எனக்கு எல்லாம் தெரியும்.

எங்கள் கோயிலின் நடுவே, வாசலிலிருந்து பீடத்துக்கு நாலு முழம் முன்வரை, இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக்கிராதி தடுப்பாக ஓடியது. தெற்கே மேலத்தெருக்காரர்கள், வடக்கே கீழத்தெருக்காரர்கள். வாசல் இரண்டு, தீர்த்தத் தொட்டி இரண்டு. பூசையில் சற்பிரசாத அப்பம் முதலில் தெற்கே கொடுத்து முடிந்த பிறகுதான் வடக்கே வரும். கல்லறைத் தோட்டத்தில் குறுக்கே ஒரு மண்சுவர் வேறு. இதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை. மேலத்தெருவில் பிறந்த நான் நினைக்கவே இல்லை. கோயிலுக்குக் கூரை இருப்பது மாதிரி கிராதியும் இருந்தது.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு இளம் சாமியார் வந்தார். பிரான்சு தேசத்தவர். தமிழ் படிக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருக்காது. மட்டக்குதிரையில் வந்து இறங்கியதும் தண்ணீர் குடிப்பார், உடனே புத்தகத்தைத் திறந்துவிடுவார். ஆதித் திருச்சபையில், ஆப்பிரிக்கக் கரையில் மேற்றிராணியாராக இருந்து சாமியார்களுக்கெல்லாம் தலைமை தாங்கிய ஒரு அர்ச்சியசிஷ்டர்மேல், புனிதர்மேல், அவருக்குப் பெரிய பிரியம். ரோமாபுரியை அந்நியச் சேனை புகுந்து சூறையாடியபோது, வேதக்காரர்களால்தான் பட்டணம் அழிந்தது என்று பழைய தேவர்களைக் கும்பிட்டவர்கள் பழி போட்டார்களாம். அதற்குப் பதில் சொல்லப் புகுந்த மேற்றிராணியார், உலகத்தில் உள்ள சனம் முழுவதையும் இரண்டே ஊராகப் பிரித்துவிட்டாராம்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த சிறு அறையில் உட்கார்ந்து சாமியார் சொல்லச் சொல்ல, நான் நல்ல தமிழில் எழுதிக்கொடுப்பது ஏற்பாடு.

"உபதேசியாரே, எழுதும். இரண்டு ஊர். ஒரு ஊர் தன் முகத்தைத் தானே பார்த்து மயங்கின ஊர். மற்ற ஊர் சர்வேசுரன் முகத்தைப் பார்த்து நடக்கிற ஊர்."

"இந்த ஊர் எங்கே முடிகிறது, அந்த ஊர் எங்கே ஆரம்பிக்கிறது, சுவாமி?" என்று கேட்டேன்.

அவர் இரண்டு கைவிரல்களையும் கோத்துக் காட்டினார். "இப்படி. ஒரே தெரு, ஒரே கிணறு, ஒரே கோயில். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள்ளும் அந்த ஊர்க்காரர் உண்டு. வெளியே நிற்கிறவர்களுக்குள்ளும் இந்த ஊர்க்காரர் உண்டு. எவர் எந்த ஊர் என்று உமக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பிரிக்கிறவர் அவர். கடைசி நாளில்."

அந்த மேற்றிராணியாருக்கும் முந்தின காலத்து வேதக்காரர்களைப் பற்றியும் சொன்னார். அவர்களுக்குத் தனித் தெரு கிடையாது, தனி உடை கிடையாது, தனிப் பேச்சு கிடையாது. எந்த ஊரில் பிறந்தார்களோ அந்த ஊர்ச் சோற்றைத் தின்றுகொண்டு, எல்லாரோடும் கலந்து இருந்தார்கள். ஆனாலும் எந்த ஊரிலும் வழிப்போக்கர்கள் மாதிரியே குடியிருந்தார்களாம், சொந்த ஊர் மேலே இருக்கிறது என்று.

கடைசியில், சமாதானம் என்றால் என்ன என்பதற்கு மேற்றிராணியார் தந்த விளக்கத்தைச் சொன்னார். சமமானதும் சமமில்லாததும் தத்தம் இடத்தில் ஒழுங்காக அமைந்திருந்தால் அதுவே சமாதானம் என்றார். அதை எழுதும்போது என் பேனா கொஞ்சம் வேகமாக ஓடியது. மற்றதெல்லாம் எனக்குப் புதிது. இது மட்டும் எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பிரசங்கம் செய்தார். நான் எழுதிக்கொடுத்ததை வாசிக்கவில்லை. மனசிலிருந்து பேச வேண்டும் என்ற ஆசையில் சொந்தத் தமிழிலேயே இறங்கிவிட்டார். சனத்துக்கு இரண்டு ஊர் என்பது புரிந்தது. நடுவில் அவர் கிராதியைப் பார்த்துக் கையை ஆட்டியது தெரிந்தது. வேறொன்றும் விளங்கவில்லை. தேவதானப்பட்டிப் பக்கத்து ஊர்களுக்குப் புறப்படும்போது, "அடுத்த ஞாயிறு நீர் விளக்கிச் சொல்லும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை மேலத்தெருப் பெரியதனக்காரர் என் வீட்டுக்கு வந்தார். கோயில் காரியங்களுக்கெல்லாம் அவர்தான் முன்னால் நிற்பவர்.

"என்னா உபதேசியாரே, சாமியாரு கிராதியப் பாத்துப் பாத்துக் கைய ஆட்டுனாகளே. அத எடுக்கச் சொல்றாகளோ?"

"அப்பிடியெல்லாம் இல்லீங்க."

"இல்லேன்னாச் சரி. ஞாயித்துக்கெழம நீங்க வெளக்கிச் சொல்லும்போது, ஊரு கலையாமச் சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னார். மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இன்றைக்கு எனக்கு ஒரு சாக்காவது மிஞ்சியிருக்கும்.

ஞாயிறு வந்தது. செபம் முடிந்ததும் பீடத்துக்கு முன்னால், கிராதி முடிகிற இடத்தில் நின்று பேசினேன். ரோமாபுரியில் ஆரம்பித்தேன். சேனை வந்ததையும் வீடுகள் எரிந்ததையும் நான் சொன்ன தினுசில் இரண்டு பக்கத்திலும் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். விரல்களைக் கோத்துக் காட்ட வேண்டிய இடம் வந்தது. கோக்கவில்லை. கை தானாகவே கிராதியை நோக்கி உயர்ந்தது என்று எழுதத்தான் ஆசை. தானாக உயரவில்லை, நான்தான் உயர்த்தினேன்.

"பரலோக ஊர் ஒழுங்கின் ஊர். அங்கே தேவதூதர்களான சம்மனசுகளுக்குள்ளேயே ஒன்பது வரிசை உண்டு. ஒரு வரிசை இன்னொரு வரிசையில் போய் நிற்காது. அவரவர் இடத்தில் அவரவர் நிற்பதுதான் சமாதானம் என்று பெரிய மேற்றிராணியாரே எழுதிவைத்திருக்கிறார். இதோ இந்தக் கிராதி நமக்கு அதைத்தான் தினமும் காட்டுகிறது."

பெரியதனக்காரர் தலையை ஆட்டினார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அர்ச்சியசிஷ்டர் சொன்னதில் பாதியை எடுத்து மறுபாதியின் கழுத்தை நெரித்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அதோடு, நெரித்த விதம் அழகாக இருந்தது என்றும் ஒரு திருப்தி. அந்தத் திருப்தியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

எல்லாரும் எழுந்து போகும் சமயம், வடக்குப் பக்கம் கிராதி ஓரமாக ஒரு பெண் நின்றாள். கீழத்தெருவில் சுண்ணாம்புக் காளவாசல் வேலை செய்பவனின் பெண்சாதி. முப்பது வயதிருக்கும். அவள் புருஷன் அணைவேலைக்கு மலையேறிப் போயிருந்தான். அந்த வாரம்தான் மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்து படுத்திருந்தான்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். மேல வேலக்காட்டுல தகரக் கொட்டகைலதான் செபமாம். அங்கன கிராதி கெடையாதாம், அவுக சொன்னாக. மலையாளத்து ஆளுக, நம்ம ஆளுக எல்லாரும் ஒண்ணாத்தான் முட்டிபோடுவாகளாம். அவுக முன்வரிசைல முட்டிபோட்டாகளாம். மோச்சத்துல எப்பிடிங்கய்யா, கிராதி இருக்குமா?"

அவள் வாதாடவில்லை. ஊருக்குப் போகிறவர்கள் வழி கேட்பது மாதிரி கேட்டாள். ஆனால் தெற்குப் பக்கம் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் கேட்டுவிட்டாளே என்று எனக்கு எரிச்சல்.

"வேலக்காடு மாதிரி மோட்சமும் இருக்கும்னு நெனச்சியாக்கும்? ஒழுங்கு இல்லாத எடத்துக்குப் பேரு மோட்சமா?" என்றேன்.

தெற்குப் பக்கம் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். அவள் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டு, அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள்.

நாலாம் நாள் உச்சிப்பொழுதில் கோயிலுக்கு ஓடிவந்தாள். அவனுக்கு மூச்சு இழுக்கிறது என்றாள். சாமியார் இருந்த இடத்துக்கு ஆள் அனுப்பினாலும் அவர் வந்து சேர இரண்டு நாளாகும். நான்தான் போக வேண்டும். கூரை வேய்கிறதைப் பார்க்க வந்திருந்த பெரியதனக்காரர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு என்னோடு புறப்பட்டார். அது வழக்கம். கீழத்தெருவுக்கு மந்திரம் சொல்லப் போகிற உபதேசியாரோடு மேலத்தெருவிலிருந்து ஒருவர் போவார். துணைக்கு என்று பெயர். உபதேசியார் வீட்டுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை. நான் முற்றத்தில் நின்று மந்திரத்தை உரக்கச் சொல்ல வேண்டும், படுத்திருப்பவர் உள்ளே இருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். என் குரலுக்கு ஊரில் அத்தனை மதிப்பு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரியதனக்காரர் தெருமுனையிலேயே வேப்பமர நிழலில் நின்றுகொண்டார். நான் முற்றத்துக்குப் போனேன். வாசல் குனிந்து நுழைகிற வாசல். உள்ளே இருட்டில் பாயின் ஓரமும் இரண்டு பாதங்களும் மட்டும் தெரிந்தன. முதல் வரியைச் சொன்னேன். பதில் இல்லை. மறுபடியும் சொன்னேன். அவள் வெளியே வந்தாள்.

"சொல்ல மாட்டேங்குறாக ஐயா."

"ஏன்? நெனவு தப்பிருச்சா?"

"நெனவெல்லாம் இருக்கு. 'அங்கனயும் கிராதி வச்சிருந்தா நான் போகல, வேணாம்'னு சொல்றாக. செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாக." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு எடுத்துவிட்டு, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள். "ஐயா, உள்ள வர வேணாம். இந்த வாசல்கிட்ட வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும். கிராதி இல்லேன்னு சொல்லுங்க. அன்னைக்கு சொன்னது தப்புன்னு சொல்லுங்க. அவுக வாயத் தொறந்துருவாக."

ஒரு மனுஷன் மோட்சமே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தான். நான் சொன்ன ஒரு கிண்டலால். அதை எடுத்துவிட என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. அது பொய்யும் அல்ல. சாமியார் வாயிலிருந்து கேட்டு என் கையால் எழுதியது. நான் திரும்பித் தெருமுனையைப் பார்த்தேன். பெரியதனக்காரர் எங்களைப் பார்க்கக்கூட இல்லை, வேப்பங்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். ஆனால் காது கேட்கிற தூரத்தில்தான் நின்றார்.

"நான் அப்பிடியெல்லாம் சொல்லலியே. நீ தப்பா வெளங்கிக்கிட்ட" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாயிருக்கும். நான் எவ்வளவு சுமை தாங்குவேன் என்று கணித்துப் பார்த்தது போல இருந்தது. பிறகு குனிந்து உள்ளே போனாள். அவள் குரல் கேட்டது, தெளிவாக, உற்சாகமாகவே.

"இந்தா பாருங்க, உபதேசியாரு சொல்லிட்டாக. அங்கன கிராதி கெடையாதாம். அன்னைக்கு சொன்னது தப்புத்தானாம். அவுக வாயாலயே சொல்லிட்டாக."

பிறகு கரகரவென்று ஒரு குரல் வந்தது. "நெசமாவா?"

"நெசந்தான். வாசல்லதான நிக்கிறாக. வேணும்னா கேட்டுப் பாருங்க."

அவன் கேட்கவில்லை. கேட்க மூச்சு இல்லையோ என்னவோ. ஆனால் காத்திருந்தான். உள்ளே இருந்த அந்த மௌனம் எனக்காகத்தான் என்று எனக்குத் தெரிந்தது. 'ஆமா' என்று ஒரு சொல், இரண்டே எழுத்து. நான் மந்திரத்தின் முதல் வரியை ஆரம்பித்தேன். வழக்கத்தைவிட உரக்க ஆரம்பித்தேன், வேறு எதற்கும் இடம் விடாமல். அவன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு என் பின்னால் வரிவரியாகச் சொன்னான். சில இடங்களில் அவன் விட்டதை அவள் எடுத்துக்கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் அவன் போய்விட்டான்.

திரும்பி வரும்போது பெரியதனக்காரர், "நல்லாச் சொன்னீங்க" என்றார்.

மண்சுவருக்கு வடக்கே அவனைப் புதைத்தோம். சடங்கு செபத்தை நான்தான் வாசித்தேன். அந்த ஞாயிறு செபம் முடிந்து எல்லாரும் போனபின், வடக்கு வாசலில் அவள் மட்டும் நின்றாள். கோயிலில் வேறு ஒரு ஈ காக்கை இல்லை.

"ஐயா, பொய்யக் கேட்டுட்டுச் சொன்ன மந்திரம் செல்லுமா? நான் அன்னைக்குப் பொய்தான சொன்னேன். அதனால அவுகள உள்ள விடாமப் போயிருவாகளா?"

சாமியார் விரல்களைக் கோத்துக் காட்டியது ஏதோ எங்கள் ஊரில் நல்லவர்களும் கெட்டவர்களும் கலந்திருப்பதைப் பற்றி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நல்லவர் பக்கம் நான் நிற்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. கிராதிக்கு அந்தப் பக்கம் நின்று, தான் சொன்ன உண்மையைப் பொய் என்று நம்பிப் பயந்துகொண்டிருந்த அவளைப் பார்த்ததும், நான் எந்த ஊர்க்காரன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம்: நீ சொன்னது பொய் இல்லை ஆத்தா, பொய் சொன்னவன் நான் என்று. யாரும் பக்கத்தில் இல்லை. யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் வாய் வரவில்லை. ஒரு கீழத்தெருப் பெண்ணிடம் தலைகுனிவதா என்பதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

"மந்திரம் செல்லும்" என்றேன். "பொய்க்கு மட்டும் சாமியார் வந்ததும் சங்கீர்த்தனம் பண்ணிரு."

"செல்லும்ல? அது போதும்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவளைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பிவிட்டு, அவள் அங்கே என்னென்ன சொல்வாளோ என்று இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் சாமியாருக்கு எல்லாம் தெரிந்துவிடும். சங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வெளியே சொல்ல மாட்டார். ஆனால் என் முகத்தைப் பார்ப்பாரே. சாமியார் வந்த அன்று மெழுகுத்திரியைச் சீர்படுத்துகிற பாவனையில் பீடத்தருகே நின்று வடக்குப் பக்கத்தைக் கவனித்தேன். அவள் சாமியாரிடம் போய் மண்டியிட்டாள். ஒரு அருள்நிறை மந்திரம் சொல்கிற நேரம்கூட ஆகவில்லை, எழுந்துவிட்டாள். கிராதி ஓரமாகப் போய் முழந்தாளில் நின்று ஜெபமாலையை எடுத்தாள். அவளுக்கு இட்ட அபராதம் அது.

சாமியார் வெளியே வந்து என் தோளில் கைபோட்டார். "இரண்டு ஊர்ப் பிரசங்கத்தை விளக்கினீரா?"

"விளக்கினேன், சுவாமி."

"அவர்களுக்குப் புரிந்ததா?"

"நன்றாகப் புரிந்தது, சுவாமி."

அவர் சந்தோஷமாகக் குதிரையைப் பார்க்கப் போனார். அவர் முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் என்று புரியாமல் குழப்பமாகவும் இருந்தது.

ஜெபமாலையை முடித்துவிட்டு அவள் வடக்கு வாசலைச் சுற்றி என்னிடம் வந்தாள். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்க வெசனப்படாதீங்க ஐயா. ஒங்க பேர நான் எடுக்கவே இல்ல. புருசன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்னு மட்டும் சொன்னேன். சாமியாரு ஒங்கள ஏதும் தப்பா நெனச்சிரக் கூடாதுல்ல."

நான் "நல்லதாப் போச்சு" என்றேன்.